கல்லாற்றுக்கு மேலே ஒரு கிலோவின் விலை

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்குப் பயணம் இரண்டு துண்டு. நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு வரை ஒன்று. கல்லாற்றுக்கு மேலே இன்னொன்று. முதல் துண்டுதான் நீளம். ஆனாலும் அதில் சாலை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறும், ஏறியதை இறக்கத்தில் திருப்பிக் கொடுக்கும், மறுபடி ஏறும். கல்லாற்றில் உருண்டைப் பாறைகளுக்கிடையே ஓடும் ஆற்றுக்குப் பக்கத்தில் நின்று போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பினால், அதற்குப் பிறகு திருப்பிக் கொடுப்பது என்பதே கிடையாது. 22 கொண்டை ஊசி வளைவுகள், காடு, தேயிலை, கடைசியில் புல்மேடு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் பொன்முடி.

இப்படி மலையடிவாரத்தில் நாலைந்து பேர் நிற்கும்போது ஒரு காரியம் தவறாமல் நடக்கும். ஒருவர் பக்கத்துச் சைக்கிளின் மேல்குழாயை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். "எத்தனை கிலோ?" என்பார். எட்டு என்று பதில் வந்தால், பத்துக் கிலோ சைக்கிளில் வந்தவர் முகம் கொஞ்சம் சுருங்கும். போட்டி அங்கேயே பாதி முடிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றும்.

விரல்கள் சொன்னது பொய்யில்லை. பத்தைவிட எட்டு, ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் மலையேறுவது சைக்கிள் மட்டும் அல்ல. ஆள், உடுப்பு, காலணி, ஹெல்மெட், தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரு 70 கிலோ என்று வைத்தால், ஒருவர் 80 கிலோவை ஏற்றுகிறார், மற்றவர் 78 கிலோவை. வித்தியாசம் நூற்றுக்கு இரண்டரை. கை உணர்வதற்கும் கால் சுமப்பதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியில்தான் சைக்கிள் எடையைப் பற்றிய பாதிப் பேச்சுகள் பிறக்கின்றன.

அந்த இரண்டரை சதவீதம் கடிகாரத்தில் எவ்வளவு? இதைக் கல்லாற்றை வைத்தே கணக்கிடலாம். எண்களை வட்டமாக எடுத்துக்கொள்கிறேன்: கல்லாற்றிலிருந்து உச்சி வரை 16 கிலோமீட்டர் சாலை, 900 மீட்டர் ஏற்றம். ஓட்டுகிறவர் தொடர்ந்து 200 வாட் திறனைப் பின்சக்கரத்துக்குக் கொடுக்கிறார் என்போம். பழக்கப்பட்ட, ஆனால் தொழில்முறை வீரர் அல்லாத ஒருவர் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கக்கூடிய அளவு அது.

80 கிலோவை 900 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 7 லட்சம் ஜூல் வேண்டும். எடையை ஈர்ப்பு முடுக்கமான 9.81-ஆல் பெருக்கி, உயரத்தால் பெருக்கினால் வரும் எண் இது. 200 வாட் என்பது நொடிக்கு 200 ஜூல். வகுத்தால் சுமார் 59 நிமிடம். காற்றே இல்லாத, டயர் துளியும் தடுக்காத ஒரு கற்பனைப் பொன்முடியில்கூட இந்த 59 நிமிடத்துக்குக் குறைவாக அவரால் ஏற முடியாது. உண்மையான சாலையில் காற்றுத்தடையும் டயரின் உருளல் தடையும் சேரும்போது 68 நிமிடம் ஆகும் என்று கணக்கு சொல்கிறது. சராசரி வேகம் மணிக்கு 14 கிலோமீட்டர். ஆக, நேரத்தில் பெரும்பகுதி எடையைத் தூக்குவதற்கே போகிறது.

இதிலிருந்து ஒரு கிலோவின் விலையை யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். ஒரு கிலோவை 900 மீட்டர் தூக்க 8,829 ஜூல். 200 வாட்காரருக்கு அது 44 வினாடி. டயர், காற்று எல்லாவற்றையும் சேர்த்து முழுக் கணக்குப் போட்டாலும் 43-தான் வருகிறது. இரண்டு கிலோ குறைந்த சைக்கிள் என்றால் சுமார் 86 வினாடி, ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 68 நிமிடத்தில் அது இரண்டு சதவீதம். ஏற்றத்தில் எடை நேரத்தைக் குறைக்கிறது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பூமியின் ஈர்ப்பு யாருக்கும் சலுகை தருவதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 400 வாட் கொடுக்கும் உலகத்தரத் தொழில்முறை வீரருக்கு அதே ஒரு கிலோ 22 வினாடிதான். மெதுவாக ஏறுகிறவருக்கு ஒவ்வொரு கிலோவும் அதிக வினாடிகளைத் தின்கிறது. விகிதத்தில் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. விலையுயர்ந்த சைக்கிளால் அதிக வினாடி மிச்சப்படுத்துகிறவர் சாம்பியன் அல்ல, வார இறுதியில் ஏறுகிற சாதாரண ஆள். ஆனால் சாம்பியனுக்கு 22 வினாடி என்பது பதக்கம்; மற்றவருக்கு 44 வினாடி என்பது உச்சியில் ஒரு தேநீர் கொஞ்சம் முன்னால்.

இனி அதே ஆளை மலையிலிருந்து இறக்கிச் சமதளத்துக்குக் கொண்டுவருவோம். தட்டையான சாலையில் 40 கிலோமீட்டர், அதே 200 வாட். இப்போது அவர் மணிக்கு 33 கிலோமீட்டருக்கு மேல் போவார்; 71 நிமிடத்தில் முடிப்பார். சைக்கிளில் இரண்டு கிலோவைக் குறைத்தால் மிச்சமாவது ஏழெட்டு வினாடி. மலையில் 86, இங்கே 8. தூரம் இரண்டரை மடங்கு கூடியும் பலன் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

காரணம் காற்று. சமதளத்தில் எடை டயரின் உருளல் தடை வழியாக மட்டுமே பேசும், அதுவும் மெல்லிய குரலில். அந்த வேகத்தில் 200 வாட்டில் 160-க்கும் மேல் காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. காற்றுத்தடைக்கான திறன் வேகத்தின் மும்மடியில் கூடும்: வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. அங்கே இரண்டு கிலோவைக் குறைப்பதைவிட, முழங்கைகளை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, காற்றுக்குக் காட்டும் முகப்பைப் பத்து சதவீதம் குறைத்தால் இரண்டு நிமிடம் கிடைக்கும். அதற்குப் பணம் வேண்டாம். இடுப்பும் முதுகும் பழக வேண்டும், அவ்வளவுதான்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் இந்த இரண்டு உலகங்களும் அருகருகே இருக்கின்றன. காரியவட்டத்தில் லக்ஷ்மிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியில் சைக்கிள் பந்தயத்துக்கான வெலோட்ரோம் இருக்கிறது. அந்த வட்டப்பாதையில் ஒரு வீராங்கனை சீரான வேகத்தில் சுற்றும்போது ஒரு கிலோவின் விலை கிட்டத்தட்ட பூஜ்யம். புறப்படும்போதும் வேகமெடுக்கும்போதும் மட்டுமே அது தெரியும். அதே வீராங்கனை, அதே சைக்கிள், கல்லாற்றுக்கு வந்தால் விலை மாறுகிறது. எடை எவ்வளவு முக்கியம் என்ற கேள்விக்குப் பதில் சைக்கிளுக்குள் இல்லை. அது சாலையின் சரிவில் எழுதியிருக்கிறது.

இதை உலகத்தின் மிகச் சிறந்த சைக்கிள் வீரரே எடைபோட்ட கதை ஒன்று உண்டு. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேரச் சாதனைக்கு இறங்கினார். அவருக்காக இத்தாலியின் எர்னெஸ்டோ கொல்னாகோ கட்டிய சைக்கிள் ஆறு கிலோவுக்கும் குறைவு. ஹேண்டில்பாரில் துளை, சங்கிலிக் கண்ணிகளில்கூடத் துளை. ஒவ்வொரு கிராமையும் துரப்பணம் போட்டு எடுத்திருந்தார்கள். மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர் ஓடினார். ஆனால் தட்டையான பாதையில் அந்தத் துளைகள் கொடுத்தது சொற்பம். உண்மையான உதவி நகரத்திலிருந்தே வந்தது. மெக்சிகோ நகரம் 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெர்க்ஸ் அந்த உயரத்தைத் தேர்ந்ததும் அதற்காகத்தான். அந்தச் சைக்கிளை நான் குறை சொல்லவில்லை; அதைப்போல் அழகான பொருள் சைக்கிள் வரலாற்றில் அரிது. ஆனால் அந்த நாளில் மெல்லிய காற்று செய்த வேலைக்கு, மெல்லிய சங்கிலி பாராட்டு வாங்கிக்கொண்டது.

கல்லாற்றுக்குப் போகிற வழியில், நெடுமங்காட்டை அடுத்த வலியமலையில், இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் இருக்கிறது. எடையைப் பற்றி நம் நாட்டில் மிகக் கறாராகச் சிந்திக்கிறவர்கள் வேலை செய்யும் இடங்களில் ஒன்று. அவர்களுக்கும் ஒரு கிலோ எல்லா இடத்திலும் ஒரே கிலோ இல்லை. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் கடைசி அடுக்கில் ஒரு கிலோ கூடினால், செயற்கைக்கோளில் ஒரு கிலோவைக் கழிக்க வேண்டும். அதே ஒரு கிலோ முதல் அடுக்கில் கூடினால் இழப்பு அதில் ஒரு சிறு பின்னம்தான், ஏனென்றால் அந்த அடுக்கு பாதி வழியிலேயே கழன்று விழுந்துவிடும். எடை எவ்வளவு என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை. எங்கே, எதுவரை என்றும் கேட்பார்கள். சைக்கிள் கடையிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

"எங்கே" என்றதும் சக்கரத்தின் பேச்சு வரும். சக்கரத்தில் குறையும் ஒரு கிராம், சட்டகத்தில் குறையும் இரண்டு கிராமுக்குச் சமம் என்று சைக்கிள்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். இதில் ஒரு உண்மை இருக்கிறது. ரிம்மின் விளிம்பில் இருக்கும் எடை முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் வேண்டும். ஆகவே வேகமெடுக்கும்போது அது இரண்டு மடங்கு ஆற்றலைக் கேட்கும். ஆனால் வேகமெடுக்கும்போது மட்டும். ஒரே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது ரிம்மில் இருக்கும் கிராமும் சீட்டுக்கு அடியில் இருக்கும் கிராமும் ஒன்றே.

சரி, 22 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, ஒவ்வொன்றிலும் வேகம் குறைந்து மறுபடி எடுக்க வேண்டாமா? எடுக்கட்டும். வளைவில் மணிக்கு 10 கிலோமீட்டராகக் குறைந்து, பிறகு 14-க்கு வருகிறார் என்போம். ரிம்கள் 200 கிராம் கனமாக இருந்தால், அந்த வேகமெடுப்புக்கு அவை கூடுதலாகக் கேட்பது சுமார் ஒன்றரை ஜூல். 22 வளைவுக்கும் சேர்த்து 30 ஜூலைச் சற்றே தாண்டும். முழு ஏற்றத்துக்கும் அவர் செலவழிப்பது 7 லட்சத்துக்கு மேல் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த 30 ஜூலைக் கொடுக்க 200 வாட்காரருக்கு ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த 200 கிராமை 900 மீட்டர் தூக்கவோ ஒன்பது வினாடி. சுழற்சியைப் பற்றிய வாதம் ஊதிப் பெரிதாக்கப்பட்டது. எளிய தூக்கல்தான் இங்கேயும் கணக்கு.

இறக்கத்துக்கு வருவோம். ஏற்றத்தில் எடுத்ததை மலை இறக்கத்தில் திருப்பித் தருமா? கொஞ்சம் தரும். பெடல் மிதிக்காமல் அந்தச் சரிவில் உருண்டு இறங்கினால் 80 கிலோவுக்கு வேகம் மணிக்கு 51 கிலோமீட்டர் அளவில் போய் நிற்கும். 78 கிலோவுக்கு அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலாகக் குறையும். பிரேக்கே தொடாமல் முழு 16 கிலோமீட்டரும் இறங்கினால் கனமானவருக்கு 14 வினாடி லாபம். ஆனால் பிரேக் தொடாமல் பொன்முடியில் இறங்குகிறவர் இரண்டாவது வளைவில் காட்டுக்குள் இருப்பார். எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டு திரும்பும். ஆகவே கணக்கில் வரும் 14 வினாடி சாலையில் வராது. ஏற்றத்தில் இழந்த ஒன்றரை நிமிடத்துக்கு இறக்கம் ஈடு செய்யாது. காரணம் எளிது: மெதுவாகப் போகும் பகுதியில்தான் நேரம் குவிகிறது, வேகமாகப் போகும் பகுதியில் சேமிக்க நேரமே மீதியில்லை.

1947-இல் டூர் டி பிரான்ஸ் வென்ற ஜான் ரோபிக் சிறிய உடம்புக்காரர். இறக்கத்தில் தன் எடை போதவில்லை என்று மலையுச்சியில் ஈயம் நிரப்பிய போத்தலை வாங்கிக்கொண்டு இறங்கினார் என்று சைக்கிள் உலகில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அவர் யோசனை இயற்பியலுக்கு விரோதமில்லை. கிடைக்கும் பலனைவிட ஆபத்துதான் பெரிது.

இப்போது, இந்த அத்தியாயத்தில் நான் மிக முக்கியம் என்று நினைக்கும் பொருளுக்கு வருகிறேன்: டயர். நல்ல பந்தய டயரின் உருளல் தடைக் கெழு 0.005 அளவில் இருக்கும். தடித்த, விறைத்த டயரிலோ காற்று இறங்கிய டயரிலோ அது 0.007-ஐத் தாண்டுவது சாதாரணம். தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்றாவது இடத்தில் இரண்டு. பார்க்க ஒன்றுமில்லை. அதையே கல்லாற்றுக் கணக்கில் போட்டால் 68 நிமிடம் கிட்டத்தட்ட 70 ஆகிறது. கூடியது 110 வினாடி. இரண்டு கிலோ எடைக் குறைப்பு கொடுத்த 86 வினாடியை முழுதாக விழுங்கிவிட்டு மேலும் கேட்கிறது. எடைதான் ராஜா என்று நாம் ஒப்புக்கொண்ட ஏற்றத்திலேயே இந்த நிலை. சமதளத்தில் அந்த டயர் 15 வாட் அளவுக்குத் திருடும். இரண்டு கிலோ எடை அங்கே கேட்பது ஒரு வாட்டுக்கும் குறைவு.

லட்சக்கணக்கில் கொடுத்து எட்டுக் கிலோ சைக்கிள் வாங்கி, மூன்று வாரம் காற்றுப் பிடிக்காத டயரோடு கல்லாற்றில் வந்து நிற்கிறவரைப் பத்துக் கிலோ சைக்கிள் முந்திவிட்டுப் போனால் அதில் அதிசயம் இல்லை. பம்பும் அழுத்தமானியும் வாங்க ஆகும் செலவு மிகக் குறைவு. ஒரு எச்சரிக்கை: காற்றைக் கல்லுப்போல் ஏற்றுவதும் தவறு. கரடுமுரடான தாரில் கல்லுப்போன்ற டயர் துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் சைக்கிளையும் ஆளையும் குலுக்கி ஆற்றலை வீணாக்கும். அதனால்தான் தொழில்முறை வீரர்களே கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் 23 மில்லிமீட்டர் டயரை விட்டு 28, 30 என்று அகலமான டயருக்கு, குறைந்த அழுத்தத்துக்கு மாறியிருக்கிறார்கள். அந்த அகல டயர் சில கிராம் கூடுதல் எடை. அதைத் தெரிந்தேதான் மாறினார்கள்.

பொன்முடியே இதற்கு இன்னொரு சாட்சி. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதியும் அதில் அடக்கம். பல நாட்டு வீரர்கள் கொண்டுவந்த சைக்கிள்கள் சாலைச் சைக்கிள்களைவிடக் கனமானவை: தடித்த டயர், அதிர்வு தாங்கும் முன் ஃபோர்க். மண்ணும் வேரும் கல்லும் உள்ள பாதையில் அந்தக் கூடுதல் எடை வேகத்தைக் கொடுக்கிறது, ஏனென்றால் சக்கரம் தரையை விடாமல் பிடித்திருக்கிறது. மலையேற்றம் நிறைந்த பந்தயத்துக்கே உலகம் கூடுதல் எடையை விரும்பிச் சுமந்து வந்தது.

நம் ஊர்ப் பழைய கறுப்புச் சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகளிலிருந்து வந்து, கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின் பெட்டி என்று இருபது கிலோவைத் தொடும் வண்டி. அதில் கல்லாற்றிலிருந்து ஏற முடியுமா? எடை மட்டும் என்றால் பத்துக் கிலோ கூடுதல், ஏழு நிமிடம் தாமதம், அவ்வளவுதான். ஏறிவிடலாம். ஆனால் அங்கே தடுப்பது எடை அல்ல, கியர். முன்னால் 44 பல், பின்னால் 18 பல், ஒரே கியர். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்தேகால் மீட்டருக்கு மேல் ஓடும். மலையில் மணிக்கு 13 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு 40 சுற்றுதான். அந்த மெதுவான சுற்றில் அதே திறனைக் கொடுக்க ஒவ்வொரு மிதியும் இரண்டு மடங்கு அழுத்தமாக இருக்க வேண்டும், முழங்கால் கெஞ்சும். ஆகவே ஏற்றத்துக்குச் சைக்கிள் வாங்குகிற இளைஞருக்கு நான் சொல்வது: பின்னால் பெரிய பல்சக்கரம் உள்ள கியர் செட்டை முதலில் பாருங்கள், எடையைப் பிறகு.

இதையெல்லாம் கணக்குப் போடாமல் நேரடியாகச் சோதித்தவர் ஒருவர் இருக்கிறார். இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்ட் ராயல் மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவராக இருந்த ஜெரமி குரோவ்ஸ். அவர் ஷெஃபீல்டிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தவர். போக வர 43 கிலோமீட்டர், மேடும் பள்ளமுமான சாலை. அவரிடம் இரண்டு சைக்கிள்: 50 பவுண்டுக்கு வாங்கிய பழைய எஃகுச் சைக்கிள் 13.5 கிலோ, 1,000 பவுண்டு கொடுத்து வாங்கிய கார்பன் சைக்கிள் 9.5 கிலோ. 2010 ஜனவரி முதல் ஜூலை வரை காலையில் நாணயத்தைச் சுண்டினார். விழுந்த பக்கம் எதுவோ அந்தச் சைக்கிளில் போனார். 56 பயணங்கள், எஃகில் 30, கார்பனில் 26. சராசரி நேரம் எஃகில் 1 மணி 47 நிமிடம் 48 வினாடி. கார்பனில் 1 மணி 48 நிமிடம் 21 வினாடி.

நான்கு கிலோ குறைத்தும் ஒரு வினாடிகூட மிச்சமில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது. சைக்கிளின் எடையைவிட ஓட்டுகிறவரின் எடையைக் குறைப்பது மலிவாகவும் பயனாகவும் இருக்கலாம் என்பது அவர் கண்ட முடிவு. இந்தச் சோதனையை "எடை முக்கியமே இல்லை" என்று சிலர் படிக்கிறார்கள். அது தவறான படிப்பு. அவர் சாலையில் ஏறுவதும் இறங்குவதும் மாறி மாறி வந்தன. காற்று, உடுப்பு, சந்திப்புகளில் நிற்பது எல்லாம் நாளுக்கு நாள் நிமிடக் கணக்கில் மாறின. எடை கொடுத்த சிறு லாபம் அந்த ஏற்ற இறக்கத்துக்குள் அமுங்கிப்போனது. கல்லாற்றிலிருந்து மேலே மட்டும் ஓட்டியிருந்தால் நான்கு கிலோ அவருக்குத் தெரியாமல் போயிருக்காது.

பந்தய உலகம் இந்தக் கேள்வியை வேறு விதமாக முடித்து வைத்தது. 1990-களில் எடைக் குறைப்பு வெறியாக வளர்ந்து, சட்டகம் எங்கே முறியுமோ என்ற நிலை வந்தது. பாதுகாப்பும் ஏழை நாடுகள் பின்தங்கிவிடக் கூடாது என்ற எண்ணமும் சேர்ந்து 1996-இல் சைக்கிள் பந்தயங்களின் சர்வதேச அமைப்பு லுகானோ சாசனத்தை எழுதியது; 2000-இலிருந்து 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளுக்குப் பந்தயத்தில் இடமில்லை. அதன் பிறகு சில அணிகளின் மெக்கானிக்குகள் சட்டகக் குழாய்க்குள் ஈயமும் சங்கிலித் துண்டும் போட்டு எடையைக் கூட்ட வேண்டி வந்தது. கால் நூற்றாண்டாக எடை அந்தக் கோட்டில் நிற்கிறது. நேரமோ குறைந்துகொண்டே போகிறது. 1998 டூர் டி பிரான்ஸில் மார்கோ பந்தானி ஏறிய பிளாட்டோ டி பெய் மலையை 2024 ஜூலையில் ததே பொகாச்சர் மூன்று நிமிடத்துக்கும் மேல் குறைத்து ஏறினார். பந்தானியின் காலம் ஊக்கமருந்து புரையோடிய காலம் என்பதையும் சேர்த்து நினைத்தால் வியப்பு கூடும். அந்த மூன்று நிமிடம் எடையிலிருந்து வரவில்லை. டயர், காற்றியல், பந்தயத்தின் நடுவே உண்ணும் மாவுச்சத்தின் அளவு, பயிற்சி, முன்னால் இழுத்துக்கொடுத்த சகவீரர்கள் என்று பல கைகள் சேர்ந்து கொடுத்தவை.

சகவீரர் என்றதும் சாலைப் பந்தயத்தின் தனித்தன்மையைச் சொல்லியாக வேண்டும். இதுவரை போட்ட கணக்கெல்லாம் தனியாக ஓடும் ஒருவருக்கு. சாலைப் பந்தயத்தில் கூட்டமாக ஓடுகிறார்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றுத்தடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். இங்கே ஒரு கிலோ விசித்திரமான வேலை செய்யும். கல்லாற்றிலிருந்து கூட்டத்தோடு ஏறும்போது, ஒரு கிலோ கனமான சைக்கிள்காரர் அதே வேகத்துக்கு இரண்டரை வாட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். தன் எல்லைக்குக் கீழே ஓடுகிறவருக்கு அது ஒன்றுமில்லை. கூட்டத்தோடு உச்சியைத் தொடுவார், இழப்பு பூஜ்யம். ஏற்கெனவே எல்லையில் இருப்பவருக்கு அந்த இரண்டரை வாட்தான் முறிக்கும். பத்தொன்பதாவது வளைவில் ஐந்து மீட்டர் இடைவெளி விழும், அது ஐம்பது ஆகும். உச்சியில் இழந்தது 43 வினாடியாக இருக்கலாம். பந்தயம் அங்கிருந்து இறங்கி விதுரா, நெடுமங்காடு என்று போனால், முன்னால் இருபது பேர் மாறி மாறிக் காற்றை வாங்கிக்கொண்டு ஓட, இவர் தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டுவார். 43 வினாடி நாலைந்து நிமிடமாகிவிடும். பந்தயக்காரர்கள் ஒரு கிலோவுக்கு உயிரை விடுவதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த இரண்டரை வாட், சைக்கிளின் கிலோவுக்கும் உடம்பின் கிலோவுக்கும் ஒன்றே. இங்கேதான் எனக்குப் பயம். குரோவ்ஸ் நடுவயது மருத்துவர். அவர் உடம்பைக் குறைக்கச் சொன்னது தனக்கு. அதைப் பதினாறு வயதுப் பந்தயக்காரர்கள் பிடித்துக்கொண்டு இரவுச் சோற்றைத் தள்ளிவைக்கிறார்கள். வளரும் உடம்பில் எரிபொருள் குறைந்தால் தசை கரையும், எலும்பு மெலியும், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோகும். எடையில் ஒரு சதவீதம் குறைந்து திறனில் மூன்று சதவீதம் போனால் மலையில் அது தோல்வி. பயிற்சியாளரோ வீட்டாரோ இதில் கண்ணை மூடிக்கொள்வதற்கு எந்த நியாயமும் கிடையாது. தண்ணீரும் அப்படியே. முக்கால் லிட்டர் போத்தல் கல்லாற்றுக் கணக்கில் 33 வினாடி. அதை மிச்சம் பிடிக்கப் போத்தலைக் காலியாகக் கொண்டு போகிறவர்கள் உண்டு. திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் நீர் குறைந்தால் வெயிலில் தாங்குதிறன் சரியும். 33 வினாடிக்கு ஆசைப்பட்டு நிமிடங்களைக் கொடுக்க வேண்டாம். தண்ணீரைச் சுமந்து போங்கள்.

தன் சைக்கிளில் தானே சோதித்துப் பார்க்க விரும்புகிறவருக்குக் கல்லாறு நல்ல ஆய்வுக்கூடம். ஏற்றம் தொடர்ந்து வருகிறது, போக்குவரத்து விளக்குகள் இல்லை, காட்டுக்குள் காற்றும் அடங்கியிருக்கும். இரண்டு சைக்கிள் வேண்டாம், ஒன்றே போதும். சட்டகத்தில் இரண்டு போத்தல் மாட்டி, சில நாள் இரண்டு கிலோ மணலோடும் சில நாள் காலியாகவும் ஏறலாம். எந்த நாள் எது என்பதை நாணயம் முடிவு செய்யட்டும், மனம் அல்ல. டயர் அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒன்றே, புறப்படும் நேரம் ஒன்றே, குடிக்கும் தண்ணீர் தனிப் போத்தலில். ஒருவரின் நேரம் எந்தக் காரணமும் இல்லாமலே நாளுக்கு நாள் இரண்டு நிமிடம் அளவுக்கு முன்பின் சிதறும் என்று வைத்தால், 86 வினாடி வித்தியாசத்தை நம்பிக்கையோடு பிரித்தறிய ஒவ்வொரு நிலையிலும் முப்பது ஏற்றமாவது வேண்டும். ஒரு கிலோவின் 43 வினாடியைப் பிடிக்க ஒவ்வொன்றிலும் நூற்றிருபதுக்கு மேல். பெடலில் திறன்மானி பொருத்தி, ஒவ்வொரு ஏற்றத்தையும் ஒரே வாட்டில் ஓட்டினால் சிதறல் வெகுவாகக் குறையும். பத்துப் பன்னிரண்டு ஏற்றத்திலேயே விடை கிடைத்துவிடும். புதுச் சைக்கிளில் முதல் ஞாயிற்றுக்கிழமையே நாலு நிமிடம் குறைந்ததாகச் சொல்கிறவரிடம் அன்றைக்கு எத்தனை வாட் என்று கேளுங்கள்.